நீங்களே நிறுவிய லைப்ரரிக்குச் சீமேக்கை வழிநடத்துவது எப்படி? ஓப்பன்சிவியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

உபுண்டு 22.04-இல் ஏப்ட் என்ற நிறுவல் கருவி மூலம் நிறுவினால் கிடைப்பது ஓப்பன்சிவி 4.5.4; படங்களையும் காணொளிகளையும் கையாளும் லைப்ரரி அது. உங்களுக்கு வேண்டியது 4.10. மூலநிரலை இறக்கி, மின்விசிறி கதறக் கதறக் கம்பைல் செய்து, ஹோம் கோப்புறைக்குள் நிறுவியும் விட்டீர்கள். பிறகு உங்கள் திட்டத்தின் கோப்புறைக்குப் போய், நிரலைக் கட்டத் தேவையானவற்றைத் தேடி ஒழுங்குசெய்யும் கருவியான சீமேக்கை ஓட்டினால், அது புதிய லைப்ரரியை ஏறெடுத்தும் பார்க்காமல் பழைய 4.5.4-ஐயே எடுத்துக்கொள்கிறது. அல்லது எதுவுமே கிடைக்கவில்லை என்று கைவிரிக்கிறது. மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம், அதுதான் மோசம்: எல்லாம் சரியாகக் கம்பைல் ஆகிவிடும், நிரல் மட்டும் ஓடாது.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் நேரும் கோளாறுகள் அல்ல. ஒரு லைப்ரரி ஒரு முறையல்ல, மூன்று முறை தேடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் தேடுபவர் வேறு. கம்பைலர், லைப்ரரியில் என்னென்ன செயற்கூறுகள் உண்டு என்று அறிவிக்கும் ஹெடர் கோப்புகளைத் தேடுகிறது. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர், லைப்ரரியின் கம்பைல் ஆன வடிவமான .எஸ்ஓ கோப்பைத் தேடுகிறது. நிரல் ஓடத் தொடங்கும் நொடியில் இயங்குதளத்தின் லோடர் அதே .எஸ்ஓ கோப்பைப் புதிதாக, முதலிலிருந்து தேடுகிறது. லிங்கர் எங்கே கண்டுபிடித்தது என்பது லோடருக்குத் தானாகத் தெரியாது. 'பாதையைத்தான் கொடுத்துவிட்டேனே' என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூவரில் இருவருக்கு மட்டுமே கொடுத்திருப்பார்கள்.

கட்டளைகளை, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லித் தருவதுபோல, ஒலியிலேயே எழுதுகிறேன். சீமேக் என்று தொடங்கும் மாறிகள் எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் வரும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வரும் இடத்தை அங்கங்கே தனியாகச் சொல்கிறேன்.

எங்கே நிறுவினீர்கள் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

லைப்ரரியைக் கட்டும்போதே, எந்த அடிக்கோப்புறையில் நிறுவ வேண்டும் என்று சொல்லும் சீமேக்_இன்ஸ்டால்_பிரிஃபிக்ஸ் என்ற மாறியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லினக்ஸில் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்புறைக்குள் போய்விடும். அதற்கு சூடோ அனுமதியும் வேண்டும். ஹோம் கோப்புறைக்குள் வைப்பதே என் வழக்கம், அதுவும் பதிப்பு எண்ணோடு:

/ஹோம்/பயனர்/ஆப்ட்/ஓப்பன்சிவி-4.10

நாளைக்கு வேறு பதிப்பு வந்தாலும் பக்கத்தில் இன்னொரு கோப்புறை, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் முழுக் கோப்புறையையும் அழித்துவிடலாம். /யூஎஸ்ஆர்/லோக்கலில் கொட்டியதை அப்படிப் பொறுக்கி எடுக்க முடியாது.

கட்டும் வரிசை மூன்று கட்டளைகள்தாம். மூலநிரல் கோப்புறையில் நின்று (-எஸ், -பி, -டி மூன்றும் பெரிய எழுத்து):

சீமேக் -எஸ் . -பி பில்ட் -டி சீமேக்_இன்ஸ்டால்_பிரிஃபிக்ஸ்=/ஹோம்/பயனர்/ஆப்ட்/ஓப்பன்சிவி-4.10
சீமேக் --பில்ட் பில்ட் -ஜே 4
சீமேக் --இன்ஸ்டால் பில்ட்

மூன்றாவது கட்டளையை மறந்துவிட்டு இரண்டாவதோடு எழுந்து போகிறவர்கள் உண்டு. பில்ட் கோப்புறையிலும் .எஸ்ஓ கோப்புகள் இருப்பதால் வேலை முடிந்ததுபோல் தெரியும். ஓப்பன்சிவி விஷயத்தில் இது இன்னும் ஏமாற்றும்: அதன் பில்ட் கோப்புறைக்குள்ளேயே ஓர் அமைவுக் கோப்பும் உருவாகிறது, அதைச் சுட்டினாலும் உங்கள் திட்டம் கம்பைல் ஆகும். ஒருநாள் இடம் போதவில்லை என்று பில்ட் கோப்புறையை அழிப்பீர்கள். அன்றைக்குத் தெரியும் சங்கதி.

நிறுவி முடித்தபின் பிரிஃபிக்ஸ் கோப்புறைக்குள் போய்ப் பாருங்கள். இன்க்ளூட்/ஓப்பன்சிவி4 என்பதன் கீழ் ஹெடர்கள் இருக்கும். லிப் கோப்புறையில் .எஸ்ஓ கோப்புகள் இருக்கும். சில லினக்ஸ் வகைகளில் இது லிப்64 என்று இருக்கும். நமக்கு மிக முக்கியமான கோப்பு லிப்/சீமேக்/ஓப்பன்சிவி4 கோப்புறைக்குள் இருக்கும் ஓப்பன்சிவிகான்ஃபிக்.சீமேக். லைப்ரரி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் முகவரிச் சீட்டு அது: ஹெடர் எங்கே, .எஸ்ஓ எங்கே, பதிப்பு என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். சீமேக் தேடுவது லைப்ரரியை அல்ல, இந்தச் சீட்டை.

சீமேக் எப்படித் தேடுகிறது

உங்கள் திட்டத்தின் சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் ஃபைண்ட்_பேக்கேஜ் என்ற வரி இருக்கும். அது இரண்டு விதமாகத் தேடும். ஒன்று மாட்யூல் முறை: சீமேக்கோடு சேர்ந்து வரும் தேடல் கோப்பு ஒன்றை எடுத்து, அதில் சொல்லியபடி தேடுவது. ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப் போன்ற பழைய லைப்ரரிகளுக்கு இப்படி உண்டு. இரண்டு, கான்ஃபிக் முறை: லைப்ரரியே கொண்டுவந்த முகவரிச் சீட்டைத் தேடுவது. ஓப்பன்சிவி இரண்டாம் வகை. வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் முதலில் மாட்யூல், பிறகு கான்ஃபிக் என்ற வரிசையில் முயலும்.

இதைத் தெரிந்துகொண்டால் சீமேக்கின் புகழ்பெற்ற அந்த நீளமான பிழைச்செய்தி புரியத் தொடங்கும். 'ஃபைண்ட்ஓப்பன்சிவி.சீமேக் கோப்பைத் தராததால், ஓப்பன்சிவி தரும் அமைவுக் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை' என்று அது சொல்கிறது. இதைப் படித்துவிட்டு ஃபைண்ட்ஓப்பன்சிவி.சீமேக் கோப்பை எங்கிருந்தாவது இறக்கிப் போடக் கிளம்புகிறார்கள். வேண்டியதில்லை. அதே செய்தியின் கடைசி வரிகளிலேயே தீர்வு இருக்கிறது: பிரிஃபிக்ஸ் பாதையைச் சேர், அல்லது ஓப்பன்சிவி_டிர் மாறிக்கு மதிப்புக் கொடு. முதல் வரியிலேயே மிரண்டுபோவதால் யாரும் கடைசி வரி வரை போவதில்லை.

வழிகாட்டும் மூன்று மாறிகள்

நான் முதலில் கைவைப்பது சீமேக்_பிரிஃபிக்ஸ்_பாத். இதற்குக் கொடுக்க வேண்டியது நிறுவிய அடிக்கோப்புறை மட்டுமே. அதன் கீழே லிப், லிப்/சீமேக் என்று எங்கெங்கே சீட்டு இருக்கக்கூடுமோ அங்கெல்லாம் சீமேக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும்.

சீமேக் -எஸ் . -பி பில்ட் -டி சீமேக்_பிரிஃபிக்ஸ்_பாத்=/ஹோம்/பயனர்/ஆப்ட்/ஓப்பன்சிவி-4.10

இரண்டாவது ஓப்பன்சிவி_டிர். இது பிடிவாதக்காரன். அடிக்கோப்புறையைக் கொடுத்தால் ஏற்காது. முகவரிச் சீட்டு இருக்கும் கோப்புறையையே, அதாவது லிப்/சீமேக்/ஓப்பன்சிவி4 வரை முழுதாகக் கொடுக்க வேண்டும். பெயரின் எழுத்துகளிலும் கவனம் வேண்டும்: ஓப்பனின் முதல் எழுத்து பெரியது, அடுத்த மூன்றும் சிறியவை, சி-யும் வி-யும் பெரியவை, டிர் முழுக்கப் பெரிய எழுத்து. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் சீமேக் பிழை சொல்லாது. யாரும் பயன்படுத்தாத ஒரு மாறியைக் கொடுத்தீர்கள் என்று கடைசியில் ஓர் எச்சரிக்கை மட்டும் முணுமுணுக்கும்.

மூன்றாவது ஓப்பன்சிவி_ரூட். இதற்கும் அடிக்கோப்புறை போதும். சீமேக் 3.12-இல் வந்தது, திட்டத்தின் முதல் வரியில் குறைந்தபட்சப் பதிப்பாக 3.12 அல்லது அதற்கு மேல் குறிப்பிட்டிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்யும். ஒரே ஒரு லைப்ரரிக்கு மட்டும் வழிகாட்ட வேண்டும், மற்றவை வழக்கமான இடத்திலேயே கிடைக்கட்டும் என்றால் இதுவே சரி.

மாட்யூல் முறையில் தேடப்படும் லைப்ரரிகளில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மாறி வைத்திருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அது ஓப்பன்எஸ்எஸ்எல்_ரூட்_டிர், முழுக்கப் பெரிய எழுத்து.

இரண்டு சிறு கண்ணிகள். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிஃபிக்ஸ் கொடுக்க வேண்டுமானால் அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும். ஆனால் ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'கட்டளை முடிந்தது' என்று பொருள். எனவே முழு மதிப்பையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதே பெயரைச் சூழல் மாறியாக ஏற்றுமதி செய்தாலோ, லினக்ஸில் பிரிப்பான் முக்காற்புள்ளி. யார் யோசித்தார்களோ! அடுத்தது, ஹோம் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறி. டி-யோடு ஒட்டி எழுதிய மதிப்புக்குள் பாஷ் அதை விரிக்காது. முழுப் பாதையை எழுதுங்கள், அல்லது டாலர் ஹோம் என்று போடுங்கள்.

பழைய நினைவை அழிக்காமல் எதுவும் நகராது

இதில்தான் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். பிரிஃபிக்ஸ் சரி, எழுத்து சரி, சீட்டு இருக்கிறது. ஆனாலும் எத்தனை முறை ஓட்டினாலும் 4.5.4 என்றே வந்தது.

காரணம் எளிது. சீமேக் முதல் முறை ஓடும்போது கண்டுபிடித்ததைப் பில்ட் கோப்புறைக்குள் சீமேக்கேஷ் என்ற உரைக்கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதில் ஓப்பன்சிவி_டிர் என்ற வரிக்கு எதிரே /யூஎஸ்ஆர்/லிப் கீழுள்ள பழைய பாதை உட்கார்ந்திருந்தது. அடுத்த முறை ஓடும்போது சீமேக் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அங்கே செல்லுபடியாகும் சீட்டு இருந்தால் வேறெங்கும் தேடப் போவதே இல்லை; நீங்கள் புதிதாகக் கொடுத்த பிரிஃபிக்ஸ் பாதை படிக்கப்படும், பயன்படாது.

பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சீமேக் 3.24 அல்லது புதியது இருந்தால் --ஃப்ரெஷ் என்ற விருப்பம் அந்தப் பழைய நினைவை மட்டும் அழித்து இதே பலனைத் தரும். ஆனால் உபுண்டு 22.04 தருவது 3.22, அதில் அது இல்லை. பெரிய திட்டம், எல்லாவற்றையும் அழிக்க மனமில்லை என்றால் -யூ விருப்பத்தோடு ஓப்பன்சிவி என்ற பெயரையும் நட்சத்திரக் குறியையும் மேற்கோளுக்குள் கொடுத்தால், அந்தப் பெயரில் தொடங்கும் வரிகள் மட்டும் நீங்கும். லைப்ரரிப் பாதையை மாற்றினால் பில்ட் கோப்புறையை அழிப்பது என்பதை நான் இப்போது அனிச்சையாகவே செய்கிறேன்.

ஓட்டிய பிறகு திரையில் 'ஃபவுண்ட் ஓப்பன்சிவி' என்று தொடங்கும் வரியை நிதானமாகப் படியுங்கள். அதில் பாதையும் பதிப்பும் இரண்டுமே இருக்கும். ஓடிப்போய்விட்டால் கேஷ் கோப்பில் ஓப்பன்சிவி_டிர் என்று கிரெப் செய்து பாருங்கள். அப்படியும் தவறான இடமே வந்தால் --டீபக்-ஃபைண்ட் விருப்பத்தோடு ஓட்டுங்கள் (3.17 முதல் உண்டு). எந்தெந்தக் கோப்புறையை எந்த வரிசையில் எட்டிப் பார்த்தது என்று பக்கம் பக்கமாகக் கொட்டும்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது கிடைத்த ஒரு தகவல்: கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் சூழல் மாறியில் 'பின்' என்ற பெயரில் முடியும் கோப்புறைகள் இருந்தால், அவற்றின் தாய்க் கோப்புறைகளையும் சீமேக் தேடும் இடங்களாகச் சேர்த்துக்கொள்கிறது. பைத்தான்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் காண்டா சூழல் ஒன்று செயலில் இருந்தால் அதன் 'பின்' கோப்புறை பாத்தின் முன்வரிசையில் இருக்கும். யாரும் கேட்காமலே காண்டாவின் லைப்ரரி திட்டத்துக்குள் நுழையும் வழிகளில் இது ஒன்று. பில்ட் செய்யும் டெர்மினலில் காண்டாவை முடக்கிவிடுவது நல்லது.

பதிப்பு எண்ணைக் கேளுங்கள்

ஃபைண்ட்_பேக்கேஜ் வரியில் வெறுமனே பெயரை மட்டும் எழுதாமல், 4.10 என்ற எண்ணையும் ரெக்வயர்ட் என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது பழைய 4.5.4 சீட்டு கண்ணில் பட்டாலும் சீமேக் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். எங்கும் கிடைக்காவிட்டால், 'பார்த்தேன், ஏற்கவில்லை' என்ற தலைப்பில் நிராகரித்த சீட்டுகளின் பாதையையும் பதிப்பையும் வரிசையாகச் சொல்லும். தப்பான லைப்ரரியோடு அமைதியாகக் கம்பைல் ஆவதைவிட இந்தச் சத்தம் எவ்வளவோ மேல்.

அதே கோப்பில் யாராவது கையால் எழுதிய பாதைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு திட்டம் காணொளிக் கோப்பைத் திறந்த சில நொடிகளில் விழுந்துவிடும். எப்போதும் அல்ல, நினைத்தால். சீமேக் சரியான பதிப்பைத்தான் கண்டுபிடித்திருந்தது. ஆனால் கோப்பின் நடுவே யாரோ, எப்போதோ, இன்க்ளூட்_டைரக்டரிஸ் வரியில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஓப்பன்சிவி4 என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படி எழுதிய பாதை கம்பைலருக்கு '-ஐ' (ஆங்கிலப் பெரிய எழுத்து) என்ற விருப்பமாகப் போகிறது. ஃபைண்ட்_பேக்கேஜ் கண்டுபிடித்த லைப்ரரியின் ஹெடர் பாதையோ -ஐசிஸ்டம் விருப்பமாகப் போகிறது. கம்பைலர் '-ஐ' பாதைகளை முழுதாகத் தேடி முடித்த பிறகே மற்றதைத் தொடும். ஆக ஹெடர் பழையது, லைப்ரரி புதியது. உடலளவு ஒருவருடையது, சட்டை இன்னொருவருடையது என்ற கதை. அந்த ஒரு வரியை நீக்கியதும் நிரல் விழாமல் ஓடியது.

இந்தக் கலப்பைப் பிடிக்க ஓப்பன்சிவியில் நேர்த்தியான சோதனை ஒன்று உண்டு. சிவி_வெர்ஷன் என்ற மேக்ரோ ஹெடரிலிருந்து வருகிறது; கம்பைல் ஆன நொடியில் அதன் மதிப்பு உறைந்துவிடும். கெட்வெர்ஷன்ஸ்ட்ரிங் என்ற செயற்கூறு .எஸ்ஓ கோப்புக்குள் இருக்கிறது. நிரல் ஓடும்போது லோடர் எதை ஏற்றியதோ அதன் பதிப்பைச் சொல்லும். மெயினின் தொடக்கத்தில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். இரண்டு வரியும் 4.10.0 என்று வந்தால் மூன்று தேடலும் ஒரே இடத்தில் முடிந்திருக்கின்றன.

மூன்றாவது தேடல்: லோடர்

பில்ட் கோப்புறையிலிருந்து ஓட்டினால் நிரல் ஓடும். சீமேக் --இன்ஸ்டால் கொடுத்து நிறுவியபின் ஓட்டினால் லிப்ஓப்பன்சிவி_கோர்.எஸ்ஓ.410 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று விழும். பலரைக் குழப்புவது இந்த மாற்றம்தான். பில்ட் செய்யும்போது லைப்ரரி இருக்கும் பாதையைச் சீமேக் நிரலின் உள்ளேயே எழுதி வைக்கிறது. அதற்கு ஆர்பாத் என்று பெயர். நிறுவும்போது அதைத் துடைத்துவிடுகிறது. உங்கள் கணினியின் பாதை வேறொருவர் கணினியில் இருக்காது என்ற நியாயமான எண்ணத்தில் செய்வது. ஆனால் நிறுவும்போது ஓடும் வரிகளுக்கு நடுவே ஒரு வரியில் மட்டும் சொல்வதால் எளிதில் கண்ணில் படாது.

நிறுவிய நிரல் அதே கணினியில்தான் ஓடப்போகிறது என்றால், கட்டமைக்கும்போதே சீமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத்_யூஸ்_லிங்க்_பாத் என்ற மாறியை ஆன் செய்யுங்கள். திட்டத்துக்கு வெளியே இருக்கும் லைப்ரரிகளின் பாதை நிறுவிய நிரலிலும் தங்கும். நிரலையும் லைப்ரரியையும் ஒரே கோப்புறையில் கட்டி வேறு கணினிக்கு அனுப்புவதாக இருந்தால், சீமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் மாறிக்கு டாலர் ஆரிஜின் என்று தொடங்கும் பாதை கொடுக்கலாம். நிரல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கணக்கிட்டுத் தேடு என்று அதற்குப் பொருள். டாலர் குறியை ஷெல் விழுங்கிவிடாமல் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

லோடர் தேட வேண்டிய கோப்புறைகளைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் சூழல் மாறி எல்லோருக்கும் தெரிந்தது. சோதித்துப் பார்க்க ஒரு கட்டளைக்கு முன்னால் ஒட்டி எழுதுங்கள், தவறில்லை. அதை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த டெர்மினலில் ஓடும் ஒவ்வொரு நிரலும் முதலில் உங்கள் கோப்புறையையே எட்டிப் பார்க்கும். சம்பந்தமே இல்லாத ஒன்று என்றாவது உடையும், காரணம் இங்கே இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. எல்டிகான்ஃபிக் வழியாக முழுக் கணினிக்கும் அறிவிப்பது இன்னொரு வழி. நிர்வாகி அனுமதி வேண்டும், எல்லாப் பயனர்களையும் பாதிக்கும். ஹோம் கோப்புறையில் இருப்பதை அப்படி அறிவிக்காதீர்கள்.

எது நடக்கிறது என்று பார்க்க இரண்டு கருவிகள். எல்டிடி கட்டளைக்கு நிரலின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு .எஸ்ஓ கோப்பும் எங்கிருந்து வரும், எது கிடைக்கவில்லை என்று பட்டியலிடும். ரீட்எல்ஃப் -டி (இங்கே சிறிய எழுத்து) என்று கொடுத்தால் உள்ளே எழுதியிருக்கும் பாதை தெரியும். உபுண்டுவில் அது ஆர்பாத் என்றல்லாமல் ரன்பாத் என்ற பெயரில் தெரியும். பெயர் மட்டுமல்ல, குணமும் வேறு. ரன்பாத்தைவிட எல்டி_லைப்ரரி_பாத்துக்கு முன்னுரிமை உண்டு. மேலும், நிரலில் எழுதிய ரன்பாத் நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே செல்லும். அந்த லைப்ரரி தன் பங்குக்கு இன்னொன்றைக் கேட்டால், அந்த இரண்டாவதைத் தேட உங்கள் நிரலின் ரன்பாத் உதவாது. கேட்கும் லைப்ரரிக்குள்ளேயே பாதை இருக்க வேண்டும். எல்டிடி பட்டியலில் ஒரு பாதி கிடைத்து மறு பாதி கிடைக்காமல் நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

சீமேக் அல்லாத திட்டங்கள்

கான்ஃபிகர், மேக் என்று போகும் பழைய திட்டங்களும் மீசான் என்ற இன்னொரு கட்டும் கருவியைப் பயன்படுத்தும் புதிய திட்டங்களும் பெரும்பாலும் லைப்ரரி எங்கே என்று பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியிடம் கேட்கும். அதற்கான சீட்டு .பிசி கோப்பு. ஓப்பன்சிவி 4 அதைத் தானாக உருவாக்குவதில்லை. லைப்ரரியைக் கட்டும்போதே ஓப்பன்சிவி_ஜெனரேட்_பிகேஜிகான்ஃபிக் மாறியை ஆன் செய்திருக்க வேண்டும். இருந்தால் பிகேஜி_கான்ஃபிக்_பாத் சூழல் மாறியில் லிப்/பிகேஜிகான்ஃபிக் கோப்புறையை ஏற்றுமதி செய்துவிட்டு வழக்கம்போல் ஓட்டுங்கள். மீசானுக்கு --பிகேஜி-கான்ஃபிக்-பாத் என்ற விருப்பமும் உண்டு. வெறும் மேக்ஃபைல் என்றால் -ஐ, -எல், ஆர்பாத் மூன்றையும் நீங்களே எழுத வேண்டியதுதான். இங்கேயும் மூன்றாவதே மறந்துபோகும்.

பாதையை எங்கே எழுதி வைப்பது

ஒவ்வொரு முறையும் நீளமான கட்டளையை அடிக்க முடியாது. அதற்காக /ஹோம்/பயனர் என்று தொடங்கும் பாதையைச் சீமேக்லிஸ்ட்ஸ் கோப்புக்குள் எழுதி, குழுவோடு நிரலைப் பகிரும் கிட் கருவியில் ஏற்றிவிடாதீர்கள்; மற்றவர் கணினியில் அந்தப் பயனர் இல்லை. சீமேக் 3.19 முதல் ப்ரீசெட் வசதி இருக்கிறது. சீமேக்யூசர்ப்ரீசெட்ஸ்.ஜேசன் என்ற கோப்பைத் திட்டத்தின் வேர்க் கோப்புறையில் வைத்து, அதில் பிரிஃபிக்ஸ் பாதையையும் ஆர்பாத் மாறியையும் எழுதி ஒரு பெயர் கொடுங்கள். பிறகு சீமேக் --ப்ரீசெட் என்று அந்தப் பெயரோடு ஓட்டினால் போதும். யூசர் என்ற சொல் இல்லாத கோப்பு குழுவில் எல்லோருக்கும் பொதுவானது. அதைக் கிட்டில் ஏற்றலாம். யூசர் கோப்பு உங்களுடையது மட்டுமே. அதன் பெயரை முதல் நாளே கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள்.